இறைச்சிப் பொருள்: மூன்று சமையற்குறிப்புகளை முன்வைத்து

சமையற்குறிப்பை விமர்சனம் செய்யப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் பாடசாலை ஓய்வறையில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். "கவிதை, நாவலெல்லாம் முடிஞ்சிதா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். முடியவில்லை. ஆனால் நமது வீடுகளில் கவிதை நூலைவிட அதிகமாக வாசிக்கப்படும் தமிழ் எழுத்து எது என்று கேட்டால், சமையற்குறிப்பைத்தான் சொல்வேன். பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து, கொப்பிக்குள் வைத்து, மஞ்சள் கறையோடு திரும்பத் திரும்ப வாசிக்கப்படுகின்ற எழுத்து அது. அப்படிப்பட்ட எழுத்தின் மொழி சரியா, அது சொல்ல வந்ததைச் சொல்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். ஒரு கிலோ இறைச்சியை மூன்று தடவை வீணாக்கிய பிறகுதான் கேட்கத் தோன்றியது.

நடந்தது இதுதான். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வந்திருந்தான். அவனுடைய அறையில் அவனைத் தவிர எல்லோரும் மலையாளிகள். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் ஆக்கும் மாட்டிறைச்சியைப் பற்றி அவன் தொலைபேசியில் சொல்லாத கிழமை இல்லை. கறுத்த நிறம், இடையிடையே தேங்காய்த் துண்டு, கறிவேப்பிலை, மிளகின் உறைப்பு. வந்ததும் வராததுமாக, "ராத்தா, அந்த மலையாளத்தான்ட எறச்சி ஒருக்கா ஆக்கித் தாங்களன்" என்றான். உள்ஹிய்யா இறைச்சி வீட்டில் இருந்தது. என்னிடம் வெட்டி வைத்த குறிப்புகளும் இருந்தன.

ஒன்று தமிழ்நாட்டு வார இதழ் ஒன்றின் இணைப்பில் வந்தது. இரண்டாவது நமது நாட்டுப் பத்திரிகை ஒன்றின் பெண்கள் பகுதியில் வந்தது. மூன்றாவது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. அதன் தலைப்பு 'இந்திய முறைக் காரமான மாட்டிறைச்சி'. மூன்றும் ஒரே உணவைத்தான் சொல்கின்றன என்பது பொருட்பட்டியலைப் பார்த்தாலே தெரியும். பெருநாள் வாரத்தில் மூன்றையும் செய்து பார்த்தேன். முதலாவது சேறுபோலக் குழைந்தது. இரண்டாவது செருப்புத் தோலாக இறுகியது. மூன்றாவது கருகியது. தம்பி ஒன்றும் சொல்லாமல் தின்றான். சொல்லாததுதான் எனக்குச் சுட்டது.

பெயரும் வினையும்

அந்த உணவுக்கு மலையாளத்தில் 'இறச்சி உலர்த்தியது' என்று பெயர். தமிழ் தெரிந்த எவருக்கும் இதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இறைச்சி என்பது பெயர். உலர்த்தியது என்பது அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற செய்தி. செய்முறை முழுவதும் அந்த இரண்டு சொல்லிலேயே இருக்கிறது. முதலில் வேகவைத்து, பின்னர் தேங்காயெண்ணெயில் மெல்லிய நெருப்பில் ஈரத்தை வாங்கி வாங்கி, மசாலா இறைச்சியோடு ஒட்டிக் கறுக்கும்வரை உலர்த்துவது.

கேரளத்து உணவுக் கடைகளிலேயே இது 'பீஃப் ஃபிரை' என்ற பெயரில்தான் அதிகம் விற்கப்படுகிறது. கடைப் பெயர்ப்பலகைக்கு அது போதும். உண்ண வருபவருக்கு எப்படிச் செய்தார்கள் என்பது தேவையில்லை. ஆனால் ஆக்கப் போகிறவருக்கு அந்தப் பெயர் ஒரு பொய். நமது பத்திரிகையின் குறிப்பு 'ஃபிரை' என்பதை எடுத்து 'மாட்டிறைச்சிப் பொரியல்' என்று தமிழாக்கியிருந்தது. தமிழ்நாட்டில் பொரியல் என்றால் எண்ணெயில் வதக்கிய மரக்கறி. நமக்கோ பொரியல் என்றால் தாச்சி நிறைய எண்ணெய் கொதிக்க அதில் போட்டு எடுப்பது. மீன் பொரியல், முட்டைப் பொரியல் மாதிரி. நான் நமது பொருளில் வாசித்தேன். அவித்த இறைச்சியை எண்ணெயில் போட்டேன். தோலானது. பிழை என் கையில் இல்லை, சொல்லில் இருந்தது.

சமையல் வினைகளில் தமிழ் ஏழை மொழி அல்ல. அவித்தல், புழுக்குதல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், சுடுதல், பிரட்டுதல், சுண்ட வைத்தல், வற்ற வைத்தல் என்று நெருப்பும் நீரும் எண்ணெயும் பொருளோடு சேரும் ஒவ்வொரு விதத்துக்கும் தனிச்சொல் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுத்த ஊனை இரவு பகலாகத் தின்று, உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிப்போன பொருநனைப் பல்கலைக்கழகத்தில் படித்தோம். அங்கே வேகவைத்த ஊன் வேறு, காழில் கோத்துச் சுட்ட ஊன் வேறு. அகநானூற்றில் மழவர் ஆவைக் கொன்று உண்ணும் காட்சியில் வரும் வினை புழுக்குதல். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய புலவர்கள் பிரித்துச் சொன்ன இடத்தில் இன்றைய குறிப்பு எழுத்தாளர் எல்லாவற்றுக்கும் 'ஃபிரை' என்கிறார். இல்லையென்றால் 'நன்கு வேகவிட்டு இறக்கவும்' என்கிறார். நன்கு என்றால் எவ்வளவு? எது வந்தால் இறக்குவது?

முதலாவது குறிப்பு இந்த இடத்தில்தான் விழுந்தது. 'குக்கரில் 6 விசில் வரும்வரை வேகவிட்டு, தண்ணீர் வற்றியதும் இறக்கவும்' என்பது அதன் மையமான வாக்கியம். விசில் ஓர் அளவல்ல. குக்கருக்குக் குக்கர், நெருப்புக்கு நெருப்பு அது மாறும். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை ஏறும்; அந்தச் சூட்டில் இறைச்சியின் நார் சீக்கிரம் கரையும். ஆறு விசிலில் என் இறைச்சி கரைந்தே போனது. கரைந்த இறைச்சியை உலர்த்த முடியாது, கிண்டினால் உதிரும். அதைவிடப் பெரிய குறை, இறக்கவும் என்ற சொல் வந்த இடம். தண்ணீர் வற்றியதும் இறக்கினால் அது வெறும் வற்றிய ஆணம். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து கறுத்து அந்த வறுத்த மணத்தைத் தர, அதன் மேற்பரப்பு 140 பாகை அளவுக்கு ஏற வேண்டும். அதாவது, குறிப்பு எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில்தான் உலர்த்தியது தொடங்குகிறது.

சொல்லுக்குப் பின்னால் உள்ள பொருள்

பூண்டு என்றால் உள்ளி, சோம்பு என்றால் பெருஞ்சீரகம், பட்டை என்றால் கறுவா, மிளகாய்த்தூள் என்றால் கொச்சிக்காய்த்தூள் என்பது நமது பெண்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டு இதழ்களையும் தொலைக்காட்சியையும் பார்த்துப் பார்த்து மனத்துக்குள் ஓர் அகராதியே வைத்திருக்கிறோம். ஆனால் சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிடும் என்று நாம் நினைப்பதில்தான் தவறு இருக்கிறது.

பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடைகளில் பட்டை என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது காசியா எனப்படும் தடித்த, உறைப்பான மரப்பட்டை. நமது கறுவா மெல்லிய சுருள். இனிப்பு மணம் கூடியது. இரண்டும் ஒரே குடும்பத்தின் வேறு வேறு மரங்கள். 'பட்டை 1 துண்டு' என்ற வாக்கியத்தை 'கறுவா 1 துண்டு' என்று மாற்றி எழுதினால் இலக்கணம் சரி, சுவை சரியில்லை.

மிளகாய்த்தூள் இதைவிட மோசம். மூன்றாவது குறிப்பு 3 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் கேட்டது. கேரளத்துச் சமையலில் நிறத்துக்காகக் காஷ்மீரி மிளகாய்த்தூள் சேர்ப்பது வழக்கம். அது சிவப்புக் கூடியது, உறைப்புக் குறைந்தது. மூலத்தில் அதுதான் இருந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் 'காஷ்மீரி' உதிர்ந்துவிட்டது. நமது கொச்சிக்காய்த்தூளில் 3 மேசைக்கரண்டி போட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே குறிப்பில் 'துருவிய தேங்காய் அரைக் கோப்பை' என்றும் இருந்தது. மலையாளத்தில் 'தேங்காக்கொத்து' என்பது விரல்நகம் அளவில் கத்தியால் சீவிய தேங்காய்ச் சில்லு. அது இறைச்சியோடு கிடந்து, அதன் சாற்றைக் குடித்து, எண்ணெயில் பொன்னிறமாகிக் கடிபடும். துருவிய பூ அந்தச் சூட்டில் ஐந்து நிமிடத்தில் கருகும். என் மூன்றாவது சட்டி கருகியதற்கு அதுதான் காரணம்.

'இந்திய முறை' என்ற தலைப்பையும் இங்கே கவனிக்க வேண்டும். எந்த இந்தியா? மாட்டிறைச்சி உலர்த்தியது கேரளத்தினது. அங்கும் சுரியானிக் கிறிஸ்தவர் வீட்டில் ஒரு மாதிரி, மாப்பிளை முஸ்லிம் வீட்டில் ஒரு மாதிரி. பெயர் தேய்ந்தால் உணவும் தேயும் என்பதற்கு விந்தாலுவைவிட நல்ல உதாரணம் இல்லை. போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுவந்த, வைனிலும் உள்ளியிலும் ஊறவைத்த இறைச்சியின் பெயர் அது. கோவாவில் வைனின் இடத்துக்குத் தென்னங்கள்ளு விநாகிரி வந்தது, கொச்சிக்காய் வந்தது. வெள்ளைக்காரர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு, பெயரின் கடைசியில் கேட்கும் 'ஆலு'வை இந்தியில் உருளைக்கிழங்கு என்று எடுத்துக்கொண்டு கிழங்கும் போட்டார்கள். மூலச்சொல்லில் இருந்தது உள்ளி. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதால் ஒரு சட்டிக்குள் கிழங்கு விழுந்திருக்கிறது.

எழுதாமல் விட்டது

தமிழ்நாட்டு இதழின் குறிப்பில் இன்னொரு விஷயம் இருந்தது. தலைப்பில் 'கேரளா ஸ்டைல் இறைச்சி வறுவல்' என்றிருந்தது. பொருட்பட்டியலில் 'மட்டன் அல்லது உங்களுக்கு விருப்பமான இறைச்சி' என்றிருந்தது. மாடு என்ற சொல் முழுக் குறிப்பிலும் இல்லை. ஆட்டிறைச்சிக்கு வைத்த நேரம் மாட்டிறைச்சிக்குப் பொருந்தாது. கொழுப்பும் நாரும் வேறு. எனவே சொல்லைத் தவிர்த்தது சமையலையும் பாதித்தது.

இந்த மௌனம் ஓர் இதழுடையது மட்டுமல்ல. தமிழில் மிகப் புகழ்பெற்ற சமையல் நூலான எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. சைவச் சமையலை அளவோடும் ஒழுங்கோடும் எழுதிக் காட்டிய அருமையான நூல் அது. தன் வீட்டுச் சமையலை அவர் எழுதினார்; அதில் குறை இல்லை. மற்ற வீடுகளின் சமையல் அந்தக் கவனத்தோடு எழுதப்படாமல் போனதுதான் குறை. இந்தியாவில் நடுத்தர வர்க்கத்துக்காக எழுதப்பட்ட சமையல் நூல்கள் எவ்வாறு ஒரு 'தேசிய உணவை' உருவாக்கின என்று மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். எழுதப்பட்டது தேசியமானது என்றால், எழுதப்படாதது என்னவானது என்ற கேள்வி நமக்கு எழ வேண்டும். மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015இல் மராத்வாடாவின் தலித் சமையலறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாட்டிறைச்சி அங்கே ஒளிவுமறைவின்றி வருகிறது. அந்த நூலுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 2015 மார்ச்சில்தான் மகாராஷ்டிரத்தில் எருது, காளை ஆகியவற்றை அறுப்பதும் தடைசெய்யப்பட்டது. செப்டெம்பரில் தாத்ரியில் வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற வதந்தியின் பேரில் ஒரு முஸ்லிம் அடித்துக் கொல்லப்பட்டார். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் இறைச்சியின் பெயர் ஓர் உயிரின் விலை ஆகிவிட்ட காலத்தில், ஓர் இதழாசிரியர் 'உங்களுக்கு விருப்பமான இறைச்சி' என்று எழுதுவதை நான் முழுவதும் பழிக்க மாட்டேன். பயம் ஒரு காரணம்தான். ஆனால் பயத்தில் எழுதிய வாக்கியம் எப்படியிருக்கும் என்பதையும் விமர்சகர் சொல்ல வேண்டும்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2020 செப்டெம்பரில் இலங்கையில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் என் வகுப்பில் 'எனக்குப் பிடித்த உணவு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நமது பிள்ளைகளில் ஒருவரும் இறைச்சி என்று எழுதவில்லை. நூடில்ஸ், கொத்துரொட்டி, கேக் என்று எழுதினார்கள். நான் கேட்கவுமில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

நமது பேச்சில் இறைச்சி என்று வெறுமனே சொன்னால் மாட்டிறைச்சிதான். மற்றவற்றுக்கு ஆட்டிறைச்சி, கோழி என்று அடை வேண்டும். தமிழ்நாட்டில் பல இடங்களில் கறி என்றாலே ஆட்டிறைச்சி. நமக்குக் கறி என்பது பருப்பும் மரக்கறியும்கூட. குழம்பை நாம் ஆணம் என்கிறோம். பழைய அகராதிகளில் அது அந்தப் பொருளிலேயே இருக்கிறது. கேரளத்தில் எருமைக் கடாவைப் 'போத்து' என்பார்கள். தொல்காப்பியம் மரபியலில் எருமைக்கும் பெற்றத்துக்கும் ஆண்பாற் பெயராகச் சொல்லப்படும் அதே போத்து. நமது அடுக்களைச் சொற்கள் கொச்சை என்று வகுப்பறையில் திருத்தப்படுகின்றன. நானும் பல வருடம் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். அவற்றில் பல, திருத்திய என் சொற்களைவிட வயது கூடியவை.

உம்மாவின் உரை

மூன்று தோல்விக்குப் பிறகு உம்மாவிடம் போனேன். உம்மாவுக்கு இப்போது கண் பார்வை குறைவு. அடுப்படிக்குப் போவதில்லை. மலையாளத்து இறைச்சியை அவர் கேள்விப்பட்டதும் இல்லை. தம்பி சொன்னதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது நம்மட பிரட்டல்தானே புள்ள. தேங்காய்ச் சில்லும் மிளகும்தான் வித்தியாசம்" என்றார். "தண்ணி வத்தினாப் பொறகு எறக்காத. சட்டி கொதிக்கிற சத்தம் வேற, பொரியிற சத்தம் வேற. சத்தம் மாறும். மாறினாப் பொறகுதான் வேல இரிக்கி."

மூன்று அச்சுக் குறிப்புகளிலும் இல்லாத வாக்கியம் அது. 140 பாகை என்று நான் மேலே எழுதியதை உம்மா காதால் அளந்து வைத்திருக்கிறார். தண்ணீர் இருக்கும்வரை சட்டி களகளவென்று கொதிக்கும். தண்ணீர் போனதும் சத்தம் மெலிந்து, சிறு மழை தகரத்தில் விழுவதுபோலச் சடசடவென்று வரும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். அதன் பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

தொல்காப்பியம் பொருளியலில் 'இறைச்சி' என்று ஒரு கலைச்சொல் உண்டு. திணைக்குரிய கருப்பொருளைச் சொல்லும் வருணனைக்கு அப்பால் பிறக்கின்ற குறிப்புப் பொருள் அது. உரையாசிரியர்கள் அதை ஒரே மாதிரி விளக்கவில்லை. விரிவுரை மண்டபத்தில் அந்தச் சொல் வந்தபோது பின்வரிசையில் இருந்த நாங்கள் நாலைந்து பேர் சிரித்தோம். உம்மாவின் வார்த்தையைக் கேட்டபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. சமையற்குறிப்பிலும் சொல்லப்பட்ட பொருள் ஒன்று, அதற்கு அப்பால் நிற்கும் பொருள் ஒன்று. கவிதையில் அப்பால் நிற்பதை வாசகர் தாமே கண்டுபிடித்தால் இன்பம். சமையற்குறிப்பில் அதைக் கண்டுபிடிக்க விட்டால் ஒரு கிலோ இறைச்சி நட்டம். ஆகவே கவிதையில் சிறப்பாகிய ஒன்று குறிப்பில் குறையாகிறது.

இதற்கு மறுப்பு ஒன்று சொல்லலாம். வாய்மொழி மட்டும் நிறைவானதா? இல்லை. உம்மாவிடம் எவ்வளவு மல்லித்தூள் என்று கேட்டால் "போடுற அளவு" என்பார். நேரம் கேட்டால் "வெந்தா தெரியும்" என்பார். பக்கத்தில் நின்று பார்க்கும் மகளுக்கு அது போதும். கட்டாரில் இருக்கும் மகனுக்குப் போதாது. அளவும் நேரமும் அச்சு தந்த கொடை. மீனாட்சி அம்மாளின் நூல் இத்தனை வருடம் நின்றதற்கு அதுதான் காரணம். இன்னொன்று, அச்சுக் குறிப்பின் 'போடவும், வதக்கவும், இறக்கவும்' என்ற வினைமுடிவில் சொல்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. உம்மாவின் பேச்சில் இருவரும் இருக்கிறார்கள். "எறக்காத" என்ற எச்சரிக்கை பிறப்பது அதனால்தான். என் பிழை எந்த இடத்தில் வரும் என்று தெரிந்தவர்தான் 'செய்யாதே' என்று சொல்ல முடியும். நல்ல குறிப்பில் அளவும் வேண்டும், 'எறக்காத'வும் வேண்டும்.

நாலாவது தடவை உம்மாவை அடுப்படியில் கதிரை போட்டு இருத்திவிட்டு ஆக்கினேன். அன்று செய்ததை, நமது சொல்லில், கீழே எழுதுகிறேன். பிறர் குறிப்பைக் குறை சொன்னவள் தன்னுடையதையும் வைப்பதுதான் முறை.

இறைச்சி ஒரு கிலோ, கொஞ்சம் கொழுப்போடு. இரண்டு சென்ரிமீற்றர் அளவில் சிறிதாக வெட்டிக் கழுவித் தண்ணீரை நன்றாக வடியவிடுங்கள். பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, கறுவா இரண்டு அங்குலம், கராம்பு 5, ஏலம் 4 ஆகியவற்றை வெறும் சட்டியில் மணம் வரும்வரை சூடாக்கித் தூளாக்குங்கள். இறைச்சியில் இந்தத் தூளோடு கொச்சிக்காய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, இடித்த இஞ்சி ஒரு பெருவிரல் அளவு, இடித்த உள்ளி 12 பல்லு, சீவிய தேங்காய்ச் சில்லு ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு நெட்டு சேர்த்துக் கையால் பிசைந்து அரை மணித்தியாலம் வையுங்கள்.

கனமான சட்டியில் போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், இறைச்சியே விடும். அடிப்பிடிக்கும் போல இருந்தால் மட்டும் கால் கோப்பை சுடுதண்ணீர். நமது ஊர் மாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். விரலால் அழுத்தினால் விட்டுக்கொடுக்க வேண்டும், உடையக் கூடாது. குக்கர்தான் வேண்டும் என்றால் பாதி வேக்காட்டில் திறந்து பாருங்கள்; விசிலை எண்ணி நம்ப வேண்டாம்.

இன்னொரு அகன்ற தாச்சியில் தேங்காயெண்ணெய் 4 மேசைக்கரண்டி விட்டு, கடுகு ஒரு தேக்கரண்டி வெடித்ததும், அரிந்த சின்ன வெங்காயம் 250 கிராம், கறிவேப்பிலை இரண்டு நெட்டுப் போட்டு வெங்காயம் சிவக்க வதக்குங்கள். இறைச்சியை அதன் சாற்றோடு கொட்டுங்கள். மூட வேண்டாம். சாறு வற்றும். சத்தம் மாறும். இறக்காதீர்கள். நெருப்பைக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து பிரட்டிப் பிரட்டி, இறைச்சி கறுத்து, தேங்காய்ச் சில்லு பொன்னிறமாகும்வரை நில்லுங்கள். கடைசியில் அப்போது இடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி தூவிப் பிரட்டி இறக்குங்கள். மிளகை முதலில் போட்டால் உறைப்பு நிற்கும், மணம் நிற்காது.

தம்பி அன்று இரண்டு தரம் சோறு வாங்கினான். "அவங்கட மாதிரி இல்ல, ஆனா நல்லா இரிக்கி" என்றான். நமது கறுவாவும் கொச்சிக்காயும் போட்டால் அவர்களுடைய மாதிரி வராதுதான். வர வேண்டும் என்றும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

நமது ஆய்வாளர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைத் தொகுத்தார்கள். தாலாட்டு, பழமொழி, விடுகதை எல்லாம் அச்சேறின. அந்தக் கவிகளைப் பாடியவர்கள் யாரோ, அதே பெண்கள்தான் பெருநாள் இறைச்சியையும் கந்தூரி ஆணத்தையும் ஆக்கினார்கள். அவர்கள் வாயிலிருந்து கவியை எழுதி எடுத்த நாம், அதே வாயிலிருந்த பக்குவத்தை எழுதி எடுக்கவில்லை. அது இலக்கியம் இல்லை என்று நினைத்தோம். இப்போது நமது பிள்ளைகள் பிரட்டலை 'பீஃப் ஃபிரை' என்கிறார்கள், பெருஞ்சீரகத்தைச் சோம்பு என்கிறார்கள். சொல் வந்து போவது மொழியின் இயல்பு. அதற்கு நான் அழவில்லை. 'சத்தம் மாறும்' என்ற அறிவு எழுதப்படாமலே போவதுதான் கவலை. உம்மாவின் கண் போய்க்கொண்டிருக்கிறது. காது இன்னும் இருக்கிறது. எத்தனை வீடுகளில் இந்த நிலைமை என்று வாசகர்கள் தங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கலாம்.

உயர்தரத்தில் தமிழ் படிக்கும் மாணவிகளிடம் இந்தத் தவணை ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் மூத்த ஒருவரிடம் ஓர் இறைச்சி ஆணத்தின் செய்முறையைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். பிறகு அதைச் செய்து பார்த்து, அவர் சொல்லாமல் விட்டது எது என்று கண்டுபிடித்து இன்னொரு பந்தி எழுத வேண்டும். அந்த இரண்டாவது பந்திதான் என் பார்வையில் விமர்சனம். சிவப்பு மையை இந்த முறை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் மேலேயுள்ள குறிப்பை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எல்லாம் சரி புள்ள," என்றார். "உப்பு எப்ப போடுற எண்டு எழுதல்லியே."

திரும்பிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. பிசையும்போது ஒரு தேக்கரண்டி, சாறு வற்றிய பிறகு ருசி பார்த்து மிச்சம். முதலிலேயே முழுவதும் போட்டால், உலர உலர உப்புக் கூடிவிடும். மேலே திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.